மூடியிருப்பதும் மூடியதுபோல் இருப்பதும்

விமானத்தின் உட்பகுதிக்கு லாட்ச் வடிவமைக்கிறவனுக்கு இடம் கடைசியாகத்தான் கிடைக்கும். இருக்கை எத்தனை, வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி எவ்வளவு, கதவின் வளைவு எப்படி, அதன் மேல் என்ன நிற லேமினேட் என்பதெல்லாம் முடிவாகி, விமான நிறுவனம் கையெழுத்தும் போட்ட பிறகு, கதவின் விளிம்பில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தைக் காட்டி, "லாட்சை இதற்குள் அடக்கிவிடுங்கள்" என்பார்கள். அதற்குள் ஒரு கொக்கி, அது சுழல ஒரு அச்சு, இரண்டு ஸ்பிரிங், விரல் நுழைய ஒரு பள்ளம், திருகாணிகளுக்கு இடம் எல்லாம் வந்தாக வேண்டும். எடையைக் கிராமில் கேட்பார்கள்.

கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பம்பும் வால்வும் வரைந்துகொண்டிருந்தவன் நான். ஐரோப்பாவிலிருந்து விமான உட்பகுதி வேலைகள் பெங்களூரின் பொறியியல் நிறுவனங்களுக்கு வரத் தொடங்கியபோது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அடுக்களைக் கதவு, தலைக்கு மேலே இருக்கும் பெட்டி, கழிப்பறையின் கண்ணாடி அலமாரி, ஆக்சிஜன் முகமூடிப் பெட்டி, இருக்கையின் முதுகில் மடங்கும் தட்டு என்று பயணியின் கை படும் இடத்திலெல்லாம் ஏதோ ஒரு லாட்ச் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்கிற அளவுக்கு அது தொல்லை கொடுக்கவில்லை என்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

கணக்கு ஒரு விதியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 25.561 என்ற ஒரே எண்ணில் வரும் விதி அது. அவசரமாகத் தரையிறங்க நேரும்போது உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் பிய்த்துக்கொண்டு வந்து ஆள்மேல் விழக்கூடாது. அதற்காக முன்னோக்கி 9 ஜி (அதாவது தன் எடையைப்போல 9 மடங்கு), கீழ்நோக்கி 6 ஜி, மேல்நோக்கி 3 ஜி, பக்கவாட்டில் 3 ஜி, பின்னோக்கி 1.5 ஜி விசையைத் தாங்க வேண்டும். விமானம் திடீரென்று நிற்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் முன்னோக்கித்தான் பாயும் என்பதால் அந்தத் திசைக்கு 9.

ஆகவே லாட்ச் வரைகிறவன் கேட்கும் முதல் கேள்வி, கதவு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது. வால்புறத்து அடுக்களையில் கதவுகள் பெரும்பாலும் விமானத்தின் மூக்கைப் பார்த்தபடி இருக்கும். அதற்குள் 15 கிலோ எடையுள்ள உணவுப் பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 9 ஜியில் அது கதவை 135 கிலோ விசையோடு முட்டும். அதே பெட்டி, அதே கதவு, முன்புறத்து அடுக்களையில் வாலைப் பார்த்தபடி இருந்தால் 22.5 கிலோதான். பார்வைக்கு இரண்டு கதவும் ஒன்றுபோல இருக்கும். வாங்குகிறவரும் இரண்டுக்கும் ஒரே லாட்சைப் போடச் சொல்வார், உதிரிபாகம் வைத்திருப்பது சுலபம் என்பதால். அப்போது பெரிய எண்ணுக்கே எல்லாவற்றையும் வரைய வேண்டியிருக்கும்.

135-உம் கடைசி எண் அல்ல. அடிக்கடி கழற்றி மாட்டித் தேய்ந்துபோகக்கூடிய இணைப்புகளுக்கு 1.33 மடங்கு கூட்டிக்கொள் என்று அந்த விதியிலேயே ஒரு வரி உண்டு. கைபட்டுத் தேயும் லாட்சுக்கும் அந்த மடங்கைப் போட்டே கணக்குப் பார்ப்போம். 135 அப்போது 180 ஆகிவிடும். பொருள் வைக்கும் பெட்டிகளுக்கான 25.787 விதியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: உள்ளே இருப்பதைத் தடுத்து நிறுத்துவது லாட்ச் போட்ட கதவுதான் என்றால், புழக்கத்தில் அது அடையப்போகும் தேய்மானத்தையும் சிதைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. விதி எழுதியவர்கள் புது லாட்சைப் பார்த்து எழுதவில்லை. பத்தாண்டு ஓடிய விமானத்தில், காபி சிந்திக் காய்ந்து, ஆயிரம் கைகள் இழுத்து அறைந்து, லூசாகிப்போன லாட்சை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை பாரத்தைத் தீப்பெட்டி அளவுக் கொக்கி தாங்குமா என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். தாங்கும். நல்ல எஃகில் 180 கிலோ பெரிய விஷயமே இல்லை. கொக்கி உடைந்து நான் பார்த்த சோதனைகள் குறைவு. கொக்கி உடையாமலேயே கதவு திறந்துகொண்ட சோதனைகள்தான் அதிகம்.

அது எப்படி என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். விமானத்தின் உள்கதவு கெட்டிப் பலகை இல்லை. நடுவில் தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட காகிதம், இருபுறமும் மெல்லிய கண்ணாடியிழைத் தோல், மொத்தம் அரை அங்குலத் தடிமன். கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதில் நேரடியாகத் திருகாணி போட முடியாது. துளை போட்டு, உள்ளே பசை நிரப்பி, ஓர் உலோகச் செருகியை உட்காரவைத்து, அதில்தான் லாட்சைப் பொருத்துவோம். பாரம் ஏறும்போது இந்தக் கதவு வில்லாக வளையும். நடு வயிறு வெளியே தள்ளும், விளிம்பு சாயும், விளிம்போடு லாட்சும் சாயும்.

கொக்கி, சட்டத்தில் இருக்கும் எதிர்க்கட்டையில் 3 மில்லிமீட்டர் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு வளைந்து சாய்வதில் 1 மில்லிமீட்டர் போகும். பசைக்குள் செருகி சற்று நகர்வதில் அரை மில்லிமீட்டர். கதவு, சட்டம், கீல் ஆகியவற்றின் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதில் 0.6. பல ஆண்டுத் தேய்மானத்துக்கு இன்னும் அரை. மீதி 0.4 மில்லிமீட்டர்தான். தடித்த நகத்தின் கனம்கூட இல்லை. கொக்கி எவ்வளவு உறுதியான உலோகமாக இருந்தும் பயனில்லை. பிடிமானம் கரைந்துபோனால் கதவு திறந்துவிடும். விதிப்படி முழு பாரத்தையும் 3 வினாடியாவது தாங்கி நிற்க வேண்டும். சோதனைக் கூடத்தில் அந்த 3 வினாடியும் நான் பாரமானியைப் பார்ப்பதில்லை. கொக்கியின் நுனியைத்தான் பார்ப்பேன்.

3 மில்லிமீட்டரை 5 ஆக்கிவிட்டால் என்ன? ஆக்கலாம். கொக்கி அதற்கு ஏற்பக் கூடுதலாகத் திரும்ப வேண்டும், கைப்பிடி கூடுதலாக நகர வேண்டும், லாட்சின் ஆழம் கூடும். அந்த ஆழம் எனக்குக் கொடுக்கப்படவில்லை. சிறிய லாட்சின் கஷ்டம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, கொக்கியின் அச்சு எங்கே இருக்கிறது என்பது. கொக்கியின் முகத்தில் பாரம் அழுத்தும்போது அந்த விசை போகும் கோட்டைக் கற்பனையில் நீட்டிப் பார்க்க வேண்டும். கோடு அச்சின் ஒரு பக்கமாகப் போனால், பாரம் ஏற ஏறக் கொக்கி இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். மறுபக்கமாகப் போனால், பாரமே கொக்கியைத் திறக்கப் பார்க்கும், ஸ்பிரிங் மட்டும் தனியாகப் போராடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான். இறுகும் பக்கமே நல்லது என்று அதிகமாகத் தள்ளி வைத்துவிட்டால் வேறு வம்பு வரும்: உள்ளே ஒரு பை சாய்ந்துகொண்டு கதவை அழுத்தும்போது கைப்பிடியை இழுத்தால் வராது. பயணி பலம் கொண்ட மட்டும் இழுப்பார், கைப்பிடி கையோடு வந்துவிடும்.

எஃகின் மேல் எஃகு வழுக்கும்போது உராய்வுக் கெழு 0.15 என்று எடுத்தால், சுமார் 8.5 பாகைச் சரிவு வரை உராய்வே கொக்கியைப் பிடித்து நிறுத்தும். ஏட்டுக் கணக்கில் இது பெரிய வசதி. ஆனால் விமானம் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய் படுகிறது, பழச்சாறு படுகிறது. அதிர்கிற இடத்தில் உராய்வு பிடிக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக்கூடாது. திறக்கும்போது உராய்வு தடுக்கும் என்று பயந்துதான் போட வேண்டும். என்னிடம் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் பிடிப்பதைப் பற்றிய பேச்சு. பிடிக்கவைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கணக்குக்குக் கட்டுப்படும். என்னை இத்தனை காலம் இந்தத் தொழிலில் பிடித்துவைத்திருப்பது வேறொன்று: பிடித்திருக்கிறதா இல்லையா என்று லாட்ச் உண்மையைச் சொல்கிறதா?

பெங்களூரின் பீன்யாவில் எங்களுக்கு மாதிரிகள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறை. அங்கே ஃபிட்டராக இருந்தவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். அரம் பிடித்தால் மைக்ரோமீட்டர் தேவைப்படாத கை. ஒருமுறை வாடிக்கையாளரிடமிருந்து மாதிரிக்காக ஒரு பழைய அலமாரிக் கதவு, சட்டத்தோடு வந்திருந்தது. அதன் லாட்சின் பிசிறைத் தடவிப் பார்த்தவர், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது பூட்டியிருக்கா, சொல்லு."

சுற்றிவரப் பார்த்தேன். கதவு சட்டத்தோடு சமமாக இருந்தது. இடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவு. கைப்பிடி படிந்திருந்தது.

"பூட்டியிருக்கு அண்ணே."

அவர் சுண்டுவிரலால் கதவின் மூலையைத் தொட்டார். திறந்துகொண்டது. கொக்கி மாட்டவே இல்லை. எதிர்க்கட்டையின் முகத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. "பிடிக்கிறது கொக்கியோட வேலை. பிடிச்சிருக்கான்னு எனக்குச் சொல்றது யாரோட வேலை?" என்றார். நாங்கள் அந்த லாட்சை நகலெடுக்கவில்லை, புதிதாக வரைந்தோம். அவருடைய கேள்வியை இன்றும் ஒவ்வொரு வடிவமைப்புக் கூட்டத்திலும் நான் கேட்கிறேன்.

இந்தக் கேள்விக்கு விமான வரலாறு மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அது உட்பகுதி லாட்ச் இல்லை, சரக்கறைக் கதவு. ஆனாலும் லாட்ச் வரைகிற யாரும் படிக்காமல் இருக்கக்கூடாத கதை. டிசி-10 விமானத்தின் பின்புறச் சரக்கறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. மின்மோட்டார் கொக்கிகளைத் திருப்பும்; கொக்கிகள் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டால் பிறகு உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அவற்றைத் திறக்க முடியாது. பிறகு வெளியே இருக்கும் கைப்பிடியை மடக்கினால் பூட்டு ஊசிகள் நகரும், கதவில் உள்ள ஒரு சிறிய காற்றுத்துளைக் கதவும் மூடும். அந்தச் சின்னக் கதவு மூடியிருந்தால் எல்லாம் பூட்டியாயிற்று என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். 1972 ஜூன் 12 அன்று கொக்கிகள் முழுதாகத் திரும்பவில்லை. கைப்பிடி மடங்க மறுத்தது. தரைப் பணியாளர் முழங்காலால் அழுத்தினார். உள்ளே இருந்த இணைப்புத் தண்டுகள் வளைந்து கொடுத்தன, கைப்பிடி படிந்தது, சின்னக் கதவும் மூடிக்கொண்டது. கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே அந்தச் சரக்கறைக் கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானிகள் அரும்பாடுபட்டு டெட்ராய்ட்டில் இறக்கினார்கள், அனைவரும் பிழைத்தார்கள். 1974 மார்ச் 3 அன்று பாரிசுக்கு வெளியே அதே வகை விமானத்தின் அதே கதவு மறுபடியும் போனது. பயணிகள் இருந்த தளம் சரிந்து, அதன் அடியில் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் செயலிழந்தன. 346 பேர் இறந்தார்கள்.

அந்தக் கதவில் கொக்கி உடையவில்லை. கொக்கி மாட்டாதபோதும் மாட்டியதுபோலக் காட்டும்படி அந்தக் கதவு கட்டப்பட்டிருந்தது. கைப்பிடிக்கும் கொக்கிக்கும் இடையில் இருந்த தண்டு வளையக்கூடியதாக இருந்ததால், கொக்கியின் நிலையைக் கைப்பிடி சொல்லவில்லை. தன் நிலையை மட்டும் சொன்னது. அலமாரி லாட்ச் வரையும்போதும் நான் பார்ப்பது இதைத்தான். காட்டும் உறுப்பு கொக்கியோடு நேராகக் கட்டுப்பட்டிருக்கிறதா, இல்லை நடுவில் ஒரு ஸ்பிரிங்கோ நீளக் கம்பியோ நின்று பொய் சொல்ல இடம் கொடுக்கிறதா?

அடுக்களையில் இதற்கு எளிய வழி ஒன்று பல காலமாக இருக்கிறது. உணவு வண்டி நிற்கும் அறைகளின் விளிம்பில் கால் வட்டம் திருப்பும் தாழ்கள் இருக்குமல்லவா, அவற்றில் சிவப்பு அடித்திருக்கும். வண்டிக்கு ஒரு தடுப்பு போதாது, ஒன்று தவறினால் பிடிக்க இன்னொன்று வேண்டும் என்று இரண்டு வைப்பார்கள். திருப்பாமல் விட்ட தாழ் ஒன்று வரிசையில் இருந்தால், நடந்துபோகிறவர் கண்ணில் அது உடனே உறுத்தும். படிக்கத் தேவையில்லை, நின்று யோசிக்கத் தேவையில்லை. ஆனால் அது அழகாக இல்லை. அடுக்களையைத் தாண்டிப் பயணிகள் பகுதிக்கு வந்துவிட்டால் சிவப்பைப் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அங்கே நான் கேட்பது ஒரு தள்ளு ஸ்பிரிங். கதவின் உள்விளிம்பில் உட்கார்ந்து, கொக்கி மாட்டாதபோது கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கொக்கி மாட்டினால் கதவு சமமாக நிற்கும், மாட்டாவிட்டால் ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், நடுநிலை கிடையாது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தள்ளு ஸ்பிரிங் இடம் கேட்கும். மூடும்போது அதையும் எதிர்த்துத் தள்ள வேண்டும் என்பதால் மூடும் விசை கூடும். எப்போதும் கொக்கியை அழுத்திக்கொண்டே இருப்பதால் தேய்மானமும் கூடும். ஆகவே "இன்னும் ஒல்லியாக்குங்கள், இன்னும் லேசாக்குங்கள்" என்ற பேச்சு வரும்போது முதலில் பட்டியலிலிருந்து அடிபடுவது இதுதான். கொக்கியை யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள், பார சோதனையில் தோற்றுவிடும். தள்ளு ஸ்பிரிங்கை எடுத்தால் எந்தச் சோதனையிலும் தோற்காது. அதனால்தான் அதற்காக வாதாட ஓர் ஆள் தேவைப்படுகிறது.

இந்த வாதத்துக்கு எனக்குத் துணை கிடைத்தது அலுவலகத்தில் இல்லை. மதுரையைச் சேர்ந்த ஒரு விமானப் பணிப்பெண், தலைக்கு மேலே உள்ள பெட்டிகளைப் பற்றி ஒரு நாள் நெடுநேரம் பேசினார். புறப்படுவதற்கு முன் இரண்டு கையையும் உயர்த்தி, உள்ளங்கையால் பெட்டிகளை அழுத்திக்கொண்டே நடக்கிறார்களே, அதைச் செய்து காட்டினார். "கிளிக்னு சத்தம் வர்ற மாதிரி வச்சிருக்கோம்" என்றேன்.

"ஜனங்க ஏறி உக்கார்ற நேரத்துல அந்தச் சத்தம் எங்க சார் கேக்குது? கையில ஒரு தட்டு தட்டணும். அது வந்துட்டா அடுத்த பெட்டிக்குப் போயிடுவோம். வரலேன்னா மறுபடி அமுக்குவோம்."

கொக்கி மாட்டும் கணத்தில் உள்ளங்கையில் உணரப்படும் அந்த அதிர்வு, ஸ்பிரிங்கின் விசையையும் கொக்கியின் எடையையும் பொறுத்தது. கொக்கியை லேசாக்க லேசாக்க அது மங்கிப்போகும். எடைக் குறைப்பு என்ற பெயரில் அவருடைய கைக்குக் கிடைத்துவந்த செய்தியை நாங்கள் அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குப் புரிந்தது. அவர் சொன்ன மற்றவையும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன: இரண்டு கையிலும் தட்டு இருக்கும்போது முழங்கையால் மூடுவார்கள், இடுப்பால் மூடுவார்கள், விரல் பள்ளம் ஆழமில்லாவிட்டால் நகம் உடையும், உயரம் குறைந்தவர்கள் பெட்டியின் நடுவை எட்ட மாட்டார்கள், கீழ் விளிம்பைத்தான் தட்டுவார்கள். விளிம்பின் ஓரத்தில் தட்டினாலும் இரண்டு முனைக் கொக்கிகளும் மாட்ட வேண்டும். ஒரு முனை மாட்டி மறுமுனை மாட்டாமல் நின்றால், கதவு பார்வைக்கு மூடியே இருக்கும். பெட்டிகளின் கொள்ளளவு கூடிவரும் காலம் இது. பைகளைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்திவைக்கும் பெட்டிகள் 2015 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே எடை கூடக்கூட, ஒரு முனைக் கொக்கி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை இன்னும் ஆபத்து.

கழிப்பறைக் குப்பைப் பெட்டிக்கு ஒரு குட்டிக் கதவு உண்டு. கையைத் துடைத்த காகிதத்தைத் தள்ளினால் உள்ளே போய்த் தானாக மூடிக்கொள்ளும். அதன் ஸ்பிரிங்கைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய் என்று கேட்பவர்களுக்கு 1973 ஜூலை 11-ஐச் சொல்வேன். பாரிசின் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த விமானத்தின் கழிப்பறைப் பகுதியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறியே பெரும்பாலோர் இறந்தார்கள். மொத்தம் 123 பேர். குப்பைப் பெட்டியில் விழுந்த சிகரெட்டாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. மறுஆண்டு அமெரிக்க விமானத் துறை போட்ட உத்தரவுப்படி, அந்தக் குப்பைப் பெட்டிகளின் கதவுகள் சரியாகப் பொருந்தி மூடிப் பூட்டுகின்றனவா என்று 1,000 பறத்தல் மணிக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். காற்றுப் புகாமல் பெட்டி மூடியிருந்தால் உள்ளே பற்றிய தீ அங்கேயே அடங்கிவிடும். மூடியதுபோல ஓர் இடுக்கு விட்டு நின்றால் அடங்காது. புகை பிடிக்கத் தடை வந்த பிறகும் கழிப்பறையில் சாம்பல் கிண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான்: தடையை மீறிப் பிடிக்கிறவன் துண்டைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிடக்கூடாது.

திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தே ஆகவேண்டிய லாட்ச்களும் உண்டு. ஆக்சிஜன் முகமூடிப் பெட்டியின் லாட்ச் அப்படிப்பட்டது. உள்ளறையின் அழுத்தம் 15,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்குவதற்குள் முகமூடி தானாகக் கண்முன் வந்து தொங்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே ஒரு சிறு கம்பி பின்வாங்கும், கதவு தன் எடையாலேயே கீழே விழும். பெரும்பாலான பெட்டிகள் விமானத்தின் வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூட உண்மையாகத் திறக்கப்படுவதில்லை. அதுவே பெரிய சிக்கல். அசையாமல் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் முகங்கள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், தூசி சேரும். ஆகவே தொடும் பரப்பைக் குறைத்து, விளிம்பில் மட்டும் தொடும்படி வரைவோம். சோதிக்கும்போது ஒவ்வொரு முகமூடியும் விழுந்துவிட்டால் அத்தனையையும் திரும்ப மடித்துவைக்க வேண்டியிருக்கும் என்பதால், கதவு கொஞ்சம் மட்டும் திறந்து நிற்கும்படி ஒரு சோதனைத் தடுப்பும் அதே தீப்பெட்டிக்குள் இருக்கும். சோதனை முடிந்ததும் அந்தத் தடுப்பைத் திருப்பி விட்டாக வேண்டும். திருப்பாமல் விட்டால் வெளியிலிருந்தே தெரிய வேண்டும். கேள்வி இங்கேயும் அதேதான்.

கழிப்பறைக் கதவுக்கு விதி தெளிவாக இருக்கிறது: யாரும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளக்கூடாது, தனிக் கருவி எதுவும் இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடிய வேண்டும். வெளியே இருக்கும் சிறு தகட்டைத் தூக்கினால் உள்ளே தாழைத் தள்ளும் குமிழ் இருக்கும். இருந்தும் 2024 ஜனவரியில் மும்பையிலிருந்து பெங்களூர் வந்த ஒரு விமானத்தில், மேலேறியதும் கழிப்பறைக்குப் போன பயணி, கதவின் பூட்டுக் கோளாறால் இறங்கும் வரை உள்ளேயே இருக்க நேர்ந்தது. பணியாளர்களால் வெளியிலிருந்து திறக்க முடியவில்லை. பயப்பட வேண்டாம் என்று காகிதத்தில் எழுதிக் கதவின் அடியில் தள்ளியிருக்கிறார்கள். தரையிறங்கிய பிறகு பொறியாளர்கள் வந்துதான் திறந்தார்கள். செய்தியைப் படித்த அன்று எங்கள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. உள்ளேயிருந்து தாழை நகர்த்தும் வழியும் வெளியேயிருந்து நகர்த்தும் வழியும் ஒரே தாழில் போய் முடிந்தால், அந்தத் தாழே சிக்கிக்கொள்ளும்போது இரண்டு வழியும் ஒன்றாக அடைபடும். இரண்டாவது வழி என்றால் அது கடைசிவரை தனி வழியாக இருக்க வேண்டும் என்று அன்று மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொக்கிக்குத் துருப்பிடிக்காத எஃகு, உறைக்கு அலுமினியம் அல்லது தீப்பிடிக்காத உயர்ரக பிளாஸ்டிக். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும், இடையில் பூச்சு வேண்டும். ஸ்பிரிங் எப்போதும் இரண்டு. ஒன்று உடைந்தாலும் கொக்கி விழாது. உப்பு நீர்ப் புகையைவிட நான் பயப்படுவது சர்க்கரைக்கு. குளிர்பானமும் பால் கலந்த காபியும் உள்ளே வழிந்து காய்ந்தால் பாகாகிவிடும், கொக்கி பாதி வழியில் நின்றுவிடும். எங்கள் கூடத்தில் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சோதனையின் நடுவே இனிப்புக் காபியை ஊற்றிக் காயவிட்டு, பிறகு தொடர்கிறோம். எந்த விதியும் இதைக் கேட்கவில்லை. புழக்கத்தில் அடையும் சிதைவை எண்ணிப் பார் என்று விதி சொல்லியிருக்கிறது, விமானத்தில் சிதைவு என்றால் பாதி காபிதான்.

ஹம்பர்க்கில் ஆண்டுதோறும் விமான உட்பகுதிக் கண்காட்சி நடக்கிறது. அங்கே இப்போது கூட்டம் நிற்பது வணிக வகுப்பின் கதவு வைத்த தனியறைகளுக்கு முன்னால். இருக்கைக்கும் அவசர வழிக்கும் நடுவே கதவே இருக்கக்கூடாது என்பது அடிப்படை விதி. அதிலிருந்து விலக்கு வாங்கித்தான் இவற்றை வைக்கிறார்கள். விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் கதவு திறந்த நிலையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஆக, மூடிய நிலைக்கு இல்லாத கண்டிப்பு திறந்த நிலையின் லாட்சுக்கு இருக்கிறது. கதவு சுவருக்குள் நுழைந்து மறைந்துவிடுவதால், அது பூட்டியிருக்கிறதா என்பது வெளியே தெரிவதில்லை. சென்சார் வைத்துப் பணியாளரின் திரையில் காட்டிவிடலாம் என்கிறார்கள். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் சென்சார் கொக்கியைப் பார்க்கிறதா, கதவின் விளிம்பைப் பார்க்கிறதா என்று கேட்டால் பல அரங்குகளில் விளிம்பைத்தான் காட்டினார்கள். கதவு உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் போதுமாம். டிசி-10-இன் சின்னக் கதவும் அதைத்தான் காட்டியது.

இப்போது என் மேசையில் இருப்பது அப்படியொரு கதவுக்கான லாட்ச். சுவரின் தடிமனில் எனக்கு விட்டிருப்பது 22 மில்லிமீட்டர். கொக்கியும் அச்சும் ஸ்பிரிங்குகளும் 19-க்குள் அடங்கிவிட்டன. மீதி 3 மில்லிமீட்டரில், கொக்கியோடு நேராக இணைந்த ஒரு தகடு, பூட்டாதபோது சுவரின் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கும்படி வரைந்திருக்கிறேன். தடவினால் விரலில் தட்டும், இருட்டிலும் தெரியும். சுவரின் அழகு கெடுகிறது என்று வடிவக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. துளையை இன்னும் சிறிதாக்கி, தகட்டின் நுனியை உருட்டி, மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் கூட்டம். மாதிரியை பீன்யாவில் செய்யச் சொல்லியாயிற்று. வடிவக் குழுவினரைக் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் கையாலேயே தடவிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.